கம்ப்யூட்டர் சயின்ஸ் மேற்படிப்பு: வழிகாட்டிக்கு காசு கொடுக்கணுமா? தளி, ஓசூர் மாணவர்கள் தெரிஞ்சுக்க வேண்டியவை

கிருஷ்ணகிரி மாவட்டம் தளியைச் சேர்ந்த மாணவர்களுக்கு, நாட்டின் முக்கியமான கணினி அறிவியல் கல்வி நிறுவனங்களில் இரண்டு மாநில எல்லைக்கு அந்தப் பக்கம்தான் இருக்கின்றன. ஒன்று, எலெக்ட்ரானிக் சிட்டியில் ஓசூர் சாலையிலேயே அமைந்துள்ள ஐஐஐடி பெங்களூரு. இன்னொன்று, 1909-ல் தொடங்கப்பட்ட இந்திய அறிவியல் நிறுவனம், அதாவது ஐஐஎஸ்சி. பஸ் பிடித்துப் போய்வரும் தூரம்தான். ஆனால் வீட்டில் முதல் பட்டதாரியாக இருக்கும் மாணவருக்கு அங்கே எப்படிச் சேர்வது, படிக்கும்போது காசு கிடைக்குமா, யாரிடம் கேட்பது என்று சொல்ல ஆள் இருப்பதில்லை. பி.இ. முடித்ததும் சிப்காட்டிலோ பெங்களூருவிலோ கிடைத்த வேலையில் சேர்வதுதான் ஒரே வழி என்று தோன்றிவிடுகிறது.

இந்த இடைவெளியில்தான் 'மென்டர்ஷிப்' என்ற பெயரில் கட்டண சேவைகள் வருகின்றன. அதற்குப் பணம் கட்டும் முன், இலவசமாக என்னென்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

*கேட் தேர்வு: பாடம் மட்டும் போதாது*

எம்.டெக், பிஎச்.டி. சேர்க்கைக்கு முக்கியமான நுழைவுத்தேர்வு கேட். ஐஐஎஸ்சியும் 7 ஐஐடிகளும் சேர்ந்து நடத்துகின்றன. 3 மணி நேரம், 65 கேள்விகள், 100 மதிப்பெண். இதில் 15 மதிப்பெண் பொதுத் திறனுக்கு. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு, ஒரே ஒரு சரியான விடை உள்ள கேள்விகளுக்கு மட்டும்தான். ஒன்றுக்கு மேற்பட்ட விடை உள்ளவற்றுக்கும், எண்ணை டைப் செய்ய வேண்டியவற்றுக்கும் குறைப்பு கிடையாது. 2024 முதல் டேட்டா சயின்ஸ், செயற்கை நுண்ணறிவுக்குத் தனித்தாளும் உண்டு. மூன்றாம் ஆண்டு மாணவர்களும் எழுதலாம். மதிப்பெண் 3 ஆண்டுகள் செல்லும்.

பலர் கோட்டைவிடுவது தேர்வுக்குப் பிறகுதான். ரிசல்ட் வந்ததும் அழைப்புக் கடிதம் தானாக வீட்டுக்கு வராது. சேர விரும்பும் ஒவ்வொரு ஐஐடிக்கும் ஐஐஎஸ்சிக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்கணும். அதோடு 'கோஆப்' என்ற பொதுத் தளத்திலும் பதிவு செய்யணும். இடம் கிடைத்தால் ஏற்பதும் மறுப்பதும் அங்கேதான். என்ஐடிகளுக்கு 'சிசிஎம்டி' என்ற வேறு கலந்தாய்வு. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் எம்.இ. சேர அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் 'சீட்டா' தேர்வு இருக்கிறது. நல்ல மதிப்பெண் எடுத்தும் ஒரு கடைசித் தேதியைத் தவறவிட்டால் ஒரு வருஷம் போச்சு. வழிகாட்டி உண்மையில் தேவைப்படுவது இந்த இடத்தில்தான்.

பணம்? கேட் தகுதியோடு ஐஐடி, என்ஐடிகளில் எம்.டெக் சேர்பவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. சுயநிதி இடம் என்றால் கிடைக்காது. சேரும் முன் கேட்டுக்கொள்ளணும். பிஎச்.டி. என்றால், 2023-ல் உயர்த்தப்பட்ட விகிதப்படி, மத்திய அரசின் ஆராய்ச்சி உதவித்தொகை முதல் 2 ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய். 'இன்னும் எத்தனை வருஷம் படிப்ப?' என்று வீட்டில் கேட்டால் சொல்ல இந்த இரண்டு எண்களும் உதவும்.

*இலவசமாகக் கிடைக்கும் உதவி*

ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் நடத்தும் என்பிடெல் வீடியோ வகுப்புகள் பலருக்குத் தெரியும். அவர்களே கேட் தேர்வுக்கென்று தனித்தளம் வைத்திருப்பது அவ்வளவாகத் தெரிவதில்லை. பழைய கேள்விகள், மாதிரித் தேர்வுகள், நேரலையில் சந்தேகம் தீர்க்கும் வகுப்புகள் எல்லாம் அதில் இலவசம். சென்னை கணிதவியல் நிறுவனத்தின் மாதவன் முகுந்த் நடத்தும் அல்காரிதம் பாடம் போன்றவற்றை என்பிடெல்லில் வீட்டிலிருந்தே கேட்கலாம். சான்றிதழ் வேண்டும் என்றால் மட்டும் தேர்வுக் கட்டணம். பாடங்களின் எழுத்து வடிவம் தமிழ், தெலுங்கு, கன்னடம் உள்ளிட்ட மொழிகளிலும் கிடைக்கிறது. மூன்று மொழியும் புழங்கும் தளிப் பக்கத்துக்கு இது சும்மா சொல்லிவிட்டுப் போகிற விஷயமல்ல. ஆனால் கேட் கேள்வித்தாள் ஆங்கிலத்தில்தான்.

கேட் எழுதாமலும் வழி இருக்கிறது. மாதவன் முகுந்த் பணியாற்றும் அதே சிறுசேரி நிறுவனத்தில் எம்.எஸ்சி. கணினி அறிவியலுக்குத் தனி நுழைவுத்தேர்வு; பழைய கேள்வித்தாள்கள் அவர்கள் இணையதளத்திலேயே உள்ளன. பி.எஸ்சி. மாணவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். ஏற்கெனவே பிஎச்.டி. செய்துகொண்டிருப்பவர்களுக்கு, ஏசிஎம் இந்தியா அமைப்பின் 'அன்வேஷண் சேது' திட்டம் மூத்த ஆய்வாளர்களிடம் சென்று சில காலம் பணிபுரிய உதவுகிறது.

*வெளிநாட்டுக்கு விண்ணப்பிப்பவர்கள்*

அமெரிக்காவில் எம்ஐடி, ஸ்டான்போர்டு, பெர்க்லி ஆகிய பல்கலைக்கழகங்களில், பிஎச்.டி. படிக்கும் மாணவர்களே விண்ணப்பதாரர்களின் நோக்கக் கட்டுரையைப் படித்துக் கருத்து சொல்லும் திட்டங்களை நடத்தி வந்திருக்கிறார்கள். கட்டணம் இல்லை. இடங்கள் குறைவு, வழிகாட்ட ஆள் இல்லாத பின்னணியில் இருந்து வருபவர்களுக்கு முன்னுரிமை. அவர்கள் திருத்த வேண்டிய இடத்தைச் சொல்வார்கள், எழுதித் தர மாட்டார்கள். காசுக்குக் கட்டுரை எழுதித் தருபவர்களிடம் சிக்குவது ஆபத்து. ஒரே கட்டுரையைப் பெயர் மாற்றிப் பத்துப் பேருக்கு விற்றால், மாட்டிக்கொள்வது விண்ணப்பித்த மாணவர்தான்.

பரிந்துரைக் கடிதமும் அப்படித்தான். 'நல்ல மாணவர், வகுப்புக்கு ஒழுங்காக வருவார்' என்ற கடிதத்தால் பயனில்லை. புராஜெக்டில் நீங்கள் என்ன செய்தீர்கள், எங்கே சிக்கி எப்படி வெளியே வந்தீர்கள் என்று தெரிந்த ஆசிரியர் எழுதணும். அமெரிக்க பிஎச்.டி. விண்ணப்பங்களுக்கு டிசம்பர்தான் பெரும்பாலும் கடைசி. மேலே சொன்ன கட்டுரை உதவித் திட்டங்களின் கெடு அதற்கு வாரக்கணக்கில் முன்பே முடிந்துவிடும். எனவே ஆசிரியரிடம் கடிதம் கேட்பதையும், கட்டுரையின் முதல் வரைவையும் செப்டம்பருக்குள் முடித்தாக வேண்டும். கேட் விண்ணப்பம் திறப்பதும் வழக்கமாக ஆகஸ்ட் கடைசியை ஒட்டித்தான்.