செஞ்சியில் எழுதப்பெற்ற வாக்குறுதிகள்

செஞ்சி என்றவுடன் தமிழர் உள்ளத்தில் முன்னிற்பது 1714-இல் களம்பட்ட தேசிங்குராசன் கதையே. அக்கதைப்பாடலின் நிழலில் மறைந்துபோன மற்றொரு செஞ்சியை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். அஃது ஏறத்தாழ எட்டாண்டுக் காலம் மராட்டிய அரசின் தலைநகராய் விளங்கிய செஞ்சி.

1689-இல் சம்பாசி கொல்லப்பட்டார். இராயகடமும் ஔரங்கசீப்பின் படையிடம் வீழ்ந்தது. அவர்தம் இளவல் இராசாராம் மாறுவேடம் பூண்டு தெற்கே போந்து, அவ்வாண்டு நவம்பரில் செஞ்சியை அடைந்தார். தந்தை சிவாசி 1677-இல் கைப்பற்றி வலுப்படுத்திய அரண், மகனுக்குப் புகலிடமாயிற்று. மறு ஆண்டே சுல்பிகார்கான் முற்றுகையிட்டான்.

தாய்நிலமே கைவிட்டுப்போன அரசு எதனைக் கொண்டு போர் நடத்தும்? கையிலிருந்த கடற்கரை அதற்குப் பொருளாயிற்று. 1690-இல் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினக் கோட்டையை ஆங்கில வணிகக் குழுவினர் செஞ்சி அரசிடமிருந்து விலைக்குப் பெற்றனர். பீரங்கிக் குண்டு சென்று விழும் தொலைவுவரை உள்ள ஊர்கள் அவர்க்குரியன என்பது உடன்பாடு. அவ்வூர்கள் குண்டுக் கிராமங்கள் எனப் பெயர் பெற்றன. சிறந்த பீரங்கியைத் தேடிப் பொருத்தியிருப்பர் என்பதில் எமக்கு ஐயமில்லை!

இதனினும் வியப்புக்குரியது, கையில் இல்லாத நிலத்தைப் பகிர்ந்தளித்தமை. மீட்சிக்குப் பின் நாடு எவ்வாறு அமையும் என்னும் திட்டத்தை இவ்வாவணங்களிற் காண்கின்றோம். அனுமந்தராவ் கோர்ப்படே என்னும் தலைவர்க்கு 1691-இல் அளித்த வாக்குறுதி, இராயகடம், பீசப்பூர், பாகநகர், ஔரங்காபாது ஆகியன வெல்லப்படுந்தோறும் ஒவ்வொரு பகுதியும், தில்லி வெல்லப்பட்டபின் எஞ்சியதும் வழங்கப்படும் என்கின்றது. சூழ்ந்து நிற்கும் பகைப்படையைக் கோட்டை மதிலினின்று நோக்கியவாறே தில்லியைப் பற்றி எழுதிய துணிவை என்னென்பது!

எனினும் அத்துணிவுக்கு விலையும் உண்டு. படைத்தலைவர்க்கு நிலமளிப்பதைச் சிவாசி விரும்பாது, ஊதியத்தைப் பணமாகவே கொடுத்துவந்தார். மைந்தரோ, முகலாயர் பக்கம் தலைவர்கள் சாயாதிருத்தற்பொருட்டு அம்முறையைக் கைவிட நேர்ந்தது. வேறு வழி இருந்ததாக எமக்குத் தோன்றவில்லை.

சாந்தாசி கோர்ப்படேயும் தானாசி சாதவும் முற்றுகைப் படையை வெளியிலிருந்து அலைக்கழித்தனர். 1693 தொடக்கத்தில் சுல்பிகார்கான் வந்தவாசிக்குப் பின்வாங்கவும் நேர்ந்தது. அவன் இராசாராமுடன் மறைவாகப் பேசிவந்தான் என்று அக்காலத்தவரே ஐயுற்றனர். 1698 தொடக்கத்தில் கோட்டை வீழ்ந்தபோது இராசாராம் அங்கில்லை, முன்னரே வெளியேறியிருந்தார்.

கோட்டை போயினும் ஆவணங்கள் நின்றன. இராசாராம் செஞ்சியில் இருந்த காலத்து மராட்டிய நாட்டு ஆட்சிப் பொறுப்பை ஏற்று, நிலவுரிமைகளை வழங்கியவர் இராமச்சந்திர பந்த் அமாத்தியர். பிற்காலத்தில் அவர் பெயரால் வழங்கும் ‘ஆக்ஞாபத்திரம்’ என்னும் அரசியல் நூல், நிலவுரிமையாளரைச் சிறு அரசர்க்கு ஒப்பிட்டு, அவரை அடக்கி வைத்தல் வேண்டும் என எச்சரிக்கின்றது.