பழைய வண்டியும் பழுதின் மொழியும்: முற்றத்துத் தொழில்நுட்பத்தின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

தொழில்நுட்ப வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்புகளின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. ஒரு பொறி எந்த ஆண்டில், யாரால், எங்கே உருவாக்கப்பட்டது என்பதோடு அந்த வரலாறு நின்றுவிடுகிறது. அப்பொறி அடுத்த நாற்பது ஆண்டுகள் யார் கையில் ஓடியது, நின்றபோது யார் அதை மீண்டும் ஓடச் செய்தார் என்னும் வினாக்கள் அதற்குள் வருவதில்லை. பிரித்தானிய வரலாற்றாசிரியர் டேவிட் எட்ஜர்டன் 2006-இல் வெளியிட்ட ‘தி ஷாக் ஆஃப் தி ஓல்ட்’ என்னும் நூல் இக்குறையைச் சுட்டிக்காட்டி, பயன்பாட்டையும் பராமரிப்பையும் மையமாகக் கொண்ட வரலாறு தேவை என்று வாதிட்டது. தென் திருவிதாங்கூரின் பழைய நெடுஞ்சாலையை ஒட்டிய பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிகளுக்கும், நெய்யாறு அணைக்கு அருகிலுள்ள கள்ளிக்காடு போன்ற ஊர்களுக்கும் அவ்வாதம் நன்கு பொருந்தும். இங்கு மோட்டார் சைக்கிளின் வரலாறு என்பது பெருமளவு பழுதுபார்த்தலின் வரலாறே.

*

திருவொற்றியூரிலிருந்து ஒரு பொறி

இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் இயங்கிய ராயல் என்ஃபீல்டு நிறுவனம் ‘புல்லட்’ என்னும் பெயரை 1932 முதல் வழங்கியது. விடுதலைக்குப் பின் இந்திய இராணுவம் 350 சிசி புல்லட்டைத் தேர்ந்தெடுத்ததை அடுத்து, 1955-இல் அந்நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இணைந்து என்ஃபீல்டு இந்தியாவை நிறுவின. திருவொற்றியூர் ஆலை 1956-இல் பணியைத் தொடங்கியது. முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்கள் இங்கே பூட்டப்பட்டன. 1960-களின் தொடக்கத்துக்குள் பாகங்களும் இங்கேயே வார்க்கப்பட்டன.

அதே 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1 அன்றுதான் மொழிவழி மாநிலங்கள் பிறந்தன. விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்துக்கு வந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே ஒரு கோடு விழுந்தது. மொழியால் அக்கோடு ஒருபோதும் முழுமையடையவில்லை, வண்டிகளாலும் இல்லை. இன்று காட்டாக்கடையில் பதிவாகும் வண்டி கே.எல். 74, நாகர்கோவிலில் பதிவாவது டி.என். 74. எண் ஒன்று, எழுத்து வேறு. இரண்டும் நின்றுபோகும் காரணங்கள் ஒன்றே.

ரெட்டிச் ஆலை 1967-இல் மூடப்பட்டது. 1970-இல் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு உற்பத்தியே முடிவுக்கு வந்தது. சென்னையில் மட்டும் அதே வார்ப்பு, அதே 70 மி.மீ. துளை, 90 மி.மீ. வீச்சு, 346 சிசி பொறி தொடர்ந்தது. 1977 முதல் அது பிறந்த நாட்டுக்கே ஏற்றுமதியும் ஆனது. மொழியியலாளர்க்கு இது பழகிய நிகழ்வு. மையத்தில் மறைந்த வடிவம் விளிம்பில் நிலைத்திருப்பது உண்டு. பழந்தமிழின் ‘பைய’ பொது எழுத்து வழக்கில் அருகிய பின்னும் தென்கோடிப் பேச்சில் இன்றும் உயிரோடிருக்கிறது. புல்லட்டும் அப்படிப்பட்ட ஒரு விளிம்பு வழக்கு.

*

ஏன் வீட்டிலேயே?

பழுதுபார்த்தல் வீட்டு முற்றத்துக்கு வந்தமைக்கு மூன்று காரணங்களைக் குறிப்பிடலாம்.

முதலாவது, பொருளாதாரம். உரிம ஆட்சிக் காலத்தில் உற்பத்தி அளவை அரசே வரையறுத்தது. ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டுப் பல ஆண்டுகள் காத்திருந்த தலைமுறை அது. புல்லட், மைசூரில் உருவான ஜாவா, அதன் வழிவந்த யெஸ்டி, எஸ்கார்ட்ஸ் நிறுவனத்தின் ராஜ்தூத் என்று தெரிவுகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. கிடைத்த வண்டியைக் காப்பாற்றுவதே அறிவுடைமை. புதியது வாங்குவது அரிய நிகழ்வு.

இரண்டாவது, பொறியின் அமைப்பு. ஒற்றைச் சிலிண்டர், குறைந்த அழுத்தம், மெதுவான சுழற்சி, தனியே நிற்கும் கியர் பெட்டி. சில ஸ்பேனர்கள், ஒரு திருப்புளி, ஒரு ஃபீலர் கேஜ், உப்புத்தாள், மண்ணெண்ணெய் இருந்தால் பெரும்பாலான வேலைகள் முடியும். ஃபீலர் கேஜ் இல்லாதவர் சவரத் தகட்டை நாடினார். ஒரு தகட்டின் கனம் ஏறத்தாழ 0.1 மி.மீ.; பாயிண்டுக்கு வேண்டிய இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. வரை. நான்கு தகடுகளை அடுக்கினால் அளவு கிடைத்துவிடும்.

மூன்றாவது, நிலமும் வானிலையும். தென்மேற்குப் பருவம், வடகிழக்குப் பருவம் என்று இரு மழைகளையும் பெறும் பகுதி இது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள்ளும் பிளக் தொப்பிக்குள்ளும் ஈரம் புகும், செயின் துருவேறும், டிரம்முக்குள் நீர் இறங்கினால் பிரேக் பிடிக்காது. ஒவ்வொரு முறையும் வண்டியைத் தள்ளிக்கொண்டு நெய்யாற்றின்கரைக்கோ மார்த்தாண்டத்துக்கோ செல்ல முடியாது. மலையடிவார ஊர்களில் இத்தேவை மேலும் கூர்மையானது.

*

மூன்று வினாக்கள்

வண்டி எழும்பவில்லை என்றால் தமிழ் மெக்கானிக் கேட்கும் வினாக்கள் மூன்று: பெட்ரோல் இறங்குகிறதா, பிளக்கில் கரண்ட் வருகிறதா, கம்ப்ரஷன் இருக்கிறதா? எரிபொருள், பொறி, அழுத்தம் என்னும் மூன்றில் ஒன்று இல்லாமல் எந்தப் பெட்ரோல் இயந்திரமும் நிற்காது என்பதும், மூன்றும் உரிய நேரத்தில் சேர்ந்தால் எந்த இயந்திரமும் ஓடும் என்பதும் இவ்வினாக்களின் உள்ளடக்கம். எளிதானதிலிருந்து கடினமானதற்குச் செல்லும் வரிசையும் இதிலேயே அடங்கியுள்ளது. பெட்ரோல் குழாயைக் கழற்றிப் பார்க்க நொடிகள் போதும். பிளக்கைக் கழற்றிச் சிலிண்டர் தலையில் வைத்து உதைத்துப் பார்க்க இரண்டு நிமிடம். சிலிண்டரை இறக்குவதோ ஒரு நாள் வேலை.

பழைய புல்லட்டின் அம்மீட்டர் வெறும் மின்னோட்டம் காட்டும் கருவியன்று. சாவியைத் திருப்பி, டீகம்ப்ரசரை அழுத்தியபடி கிக்கரை மெல்ல இறக்கும்போது பாயிண்ட் மூடியிருந்தால் முள் எதிர்ப்பக்கம் சாயும். பாயிண்ட் திறந்ததும் நடுவுக்குத் திரும்பும். பிஸ்டன் அழுத்த வீச்சின் உச்சியை நெருங்கிவிட்டது என்று அதற்குப் பொருள். அங்கே டீகம்ப்ரசரை விட்டு, கிக்கரை மேலே கொண்டுவந்து ஒரே உதை. கண்ணுக்குத் தெரியாத பிஸ்டனின் இருப்பிடத்தை வெளியே நின்ற ஒரு முள் சொல்லிவிடும்.

அதிக தூரம் ஓடிய வண்டியில் நோயறிதல் மேலும் நுட்பமாகிறது. பாயிண்டின் குதிகால் தேயத் தேய இடைவெளி சுருங்கும். பொறி தாமதமாகப் பிறக்கும். வண்டி சூடேறும், ஏற்றத்தில் தளரும். டிஸ்ட்ரிபியூட்டர் தண்டின் புஷ் தேய்ந்திருந்தால் எத்தனை முறை இடைவெளியைச் சரிசெய்தாலும் அது நிலைக்காது. அப்போது குற்றம் பாயிண்டில் இல்லை. பிளக்கின் நுனி வெளிர் பழுப்பாக இருந்தால் கலவை சரி. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. வெளுத்திருந்தால் காற்று மிகுதி; கார்ப்பரேட்டர் இணைப்பில் எங்கோ காற்றுக் கசிவு இருக்கலாம். எண்ணெய் ஈரம் தெரிந்தால் ஐயம் ரிங்கின்மீதோ வால்வு கைடின்மீதோ விழும். இவ்விரண்டையும் பிரித்தறியப் புகை உதவும்: ஆக்சிலேட்டர் முறுக்கி இழுக்கும்போது தொடர்ந்து நீலப்புகை வந்தால் ரிங், இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு மீண்டும் முறுக்கும் கணத்தில் மட்டும் புகை வெடித்தால் வால்வு கைடு.

டேப்பட் குறித்த அறிவு இவற்றுள் மிகச் சுவையானது. புதியவர் சத்தத்துக்கு அஞ்சி டேப்பட்டை இறுக்கிவிடுவார். அனுபவமுள்ளவர் சற்றுச் சத்தத்தை விட்டுவைப்பார். இறுகிய டேப்பட் ஒலியின்றி இருக்கும். ஆனால் இயந்திரம் சூடேறியதும் வால்வு முழுதும் மூடாது, அழுத்தம் கசியும், வால்வின் விளிம்பு கருகும். ஆகவே குளிர்ந்த நிலையில், பிஸ்டன் அழுத்த உச்சியில் நிற்கும்போது, புஷ்ராடு விரலால் உருட்டினால் உருள வேண்டும். மேலும் கீழும் ஆடக் கூடாது. அமைதியே எப்போதும் நலத்தின் அறிகுறியன்று என்னும் இவ்வறிவு விரலுக்கும் காதுக்கும் கற்றுத்தரப்பட்டது.

*

பெயர் கடன், வினை சொந்தம்

இத்தொழிலின் சொற்கோவை மொழித்தொடர்பு ஆய்வுக்கு அரிய தரவு. பிளக், பாயிண்ட், கண்டன்சர், டேப்பட், ரிங், கிளட்ச், ஸ்பிராக்கெட் என உறுப்புப் பெயர்கள் ஏறக்குறைய முழுதும் ஆங்கிலக் கடன். நோய்க்குறியைச் சொல்லும்போதோ வினைகள் தமிழாகின்றன: வண்டி ஆயில் குடிக்கிறது, புகை தள்ளுகிறது, ஏர் எடுக்கிறது, மிஸ்ஸிங் அடிக்கிறது, இழுவை இல்லை. உறுப்பு ஆலையோடு வந்தது. அதனால் அதன் பெயரும் உடன் வந்தது. நோய் இங்கே, இந்த மழையில், இந்த ஏற்றத்தில் பிறந்தது. அதனால் அதற்கு உள்ளூர் மொழி அமைந்தது. குடித்தல், தள்ளுதல், இழுத்தல், அடைத்தல் ஆகியவை உடலுக்கும் உழவு மாட்டுக்கும் உரிய வினைகள் என்பதும் நோக்கத்தக்கது. எல்லையின் இருபுறமும் உறுப்புப் பெயர்கள் பொதுவாக இருந்தமையால், தமிழ் பேசுபவரும் மலையாளம் பேசுபவரும் ஒரே இயந்திரத்தின்முன் தடையின்றி உரையாட முடிந்தது.

எட்ஜர்டன் ‘கிரியோல்’ என்னும் மொழியியல் சொல்லைத் தொழில்நுட்பத்துக்கும் விரித்தார்: ஓரிடத்தில் பிறந்து, வேறிடத்தில் வேறு தேவைக்காக மாற்றமடைந்து தனக்கென வாழ்வு பெற்ற பொருள்கள். சென்னையின் மீன்பாடி வண்டி இதற்கு நேரான சான்று. பழைய மோட்டார் சைக்கிள் இயந்திரம் மூன்று சக்கரச் சுமை வண்டியில் ஏறியது. தமிழ் ‘மீன்’ ஆங்கில ‘பாடி’யோடு சேர்ந்தது. பொருளும் சொல்லும் ஒரே முறையில் பூட்டப்பட்டுள்ளன. சௌராஷ்டிரத்தின் சகடா வண்டியில் புல்லட்டின் முன்பாதி டீசல் இயந்திரத்தோடு இணைந்ததும் இவ்வகையே.

*

முறிவு

1980-களின் நடுவில் இந்திய-ஜப்பானியக் கூட்டு நிறுவனங்களின் 100 சிசி வண்டிகள் வந்தன: ஓசூரிலிருந்து 1984-இல் இந்த்-சுசுகி, 1985-இல் ஹீரோ ஹோண்டா சிடி 100, அதே ஆண்டில் யமஹா ஆர்எக்ஸ் 100. முற்றத்து அறிவு இவற்றிடம் தோற்கவில்லை, தன்னை மாற்றிக்கொண்டது. இரண்டு வீச்சு வண்டியின் சைலன்சரில் கரி அடைத்து இழுவை குறைந்தால், உட்குழாயைக் கழற்றி நெருப்பில் காட்டிக் கரியை எரித்துத் தட்டினார்கள். பாயிண்ட் போய் மின்னணுப் பற்றவைப்பு வந்தபோது ஒரு வேலை குறைந்தது; மூன்று வினாக்களும் அப்படியே நின்றன.

உண்மையான முறிவு பின்னரே நேர்ந்தது. திருவொற்றியூர் மரபின் வார்ப்பிரும்பு இயந்திரம் 2010-ஐ ஒட்டி விடைபெற்றது. 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் நடைமுறைக்கு வந்ததும் கார்ப்பரேட்டரின் இடத்தை எரிபொருள் தெளிப்பு பிடித்தது. ‘கரண்ட் வருகிறதா’ என்ற வினாவுக்கு இன்று விடை தருவது ஸ்கேனர். அக்கருவியும் அதன் மென்பொருளும் பெரும்பாலும் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையங்களிடமே உள்ளன.

இதை இழப்பாக மட்டும் எழுதுவது நேர்மையாகாது. பழைய வண்டி நச்சுப்புகையை மிகுதியாக உமிழ்ந்தது. பழைய பிரேக் கட்டைகளில் கல்நார் இருந்தது. டிரம்மைத் திறந்து தூசியை வாயால் ஊதிய சிறுவர்களின் நுரையீரல் இவ்வரலாற்றின் எழுதப்படாத பக்கம். கற்றவர் பெரும்பாலும் ஆண்களே. பயிற்சிக் காலத்தில் கூலி அற்பமே. முற்றத்து அறிவைப் போற்றுவது அந்த நிலைமைகளைப் போற்றுவதாகிவிடக் கூடாது.

ஆயினும் ஒரு வினா எஞ்சுகிறது. 15 ஆண்டு கடந்த இருசக்கர வண்டியின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரல் 1 முதல் 300 ரூபாயிலிருந்து 1000 ரூபாயாக உயர்ந்தது. அதே ஆண்டில் ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கான இணைய வாயிலைத் தொடங்கி, வாகனத் துறையையும் அதில் சேர்த்தது. ஒரு கை பழைய வண்டியைச் சாலையிலிருந்து விலக்குகிறது. மறு கை அதைப் பழுதுபார்க்கும் உரிமையைப் பேசுகிறது. சேகரிப்பாளரின் கூடத்தில் மெருகேறி நிற்கும் புல்லட்டுக்கு இத்தகைய கட்டணம் பொருட்டன்று. ரப்பர் பால் வெட்டவும் மீன் விற்கவும் நாள்தோறும் வெளியே எடுக்கப்படும் பழைய வண்டிக்கு அது பொருட்டு. கையேட்டையும் பாகத்தையும் கண்டறியும் கருவியையும் தராமல் உரிமையை மட்டும் தருவது, எழுத்தைக் கற்பிக்காமல் நூலகத்தைத் திறந்துவைப்பதற்கு ஒப்பாகும்.

உழவுக் கருவிகளுக்கும் மீன்பிடித் தொழிலுக்கும் தச்சுக்கும் தமிழில் தொழிற்சொல் தொகுப்புகள் உண்டு. மோட்டார் பழுதுபார்ப்போரின் சொற்களோ ‘கலப்பு’ என்று கருதப்பட்டு அகராதியின் வாயிலிலேயே நிறுத்தப்பட்டன. பாயிண்டின் இடைவெளியைத் தகடு அடுக்கி அளந்த தலைமுறை இன்று அறுபதையும் எழுபதையும் கடந்து நிற்கிறது. ‘ஏர் எடுக்கிறது’ என்ற தொடருக்குப் பின்னால் எத்தனை வேறு பழுதுகள் உள்ளன, அவற்றை அவர்கள் எவ்வாறு பிரித்தறிந்தனர் என்பதை அவர்கள் வாய்வழியாகவே பதிவு செய்ய முடியும். எல்லையின் இருபுறமும், இரு மொழிகளிலும் அப்பதிவு ஒருங்கே நடைபெற வேண்டும். அதற்கு எஞ்சியுள்ள காலம் குறுகியது.