19 டொலர் 95 சதத் துவக்கு



சண்டை முடிந்தபின் மிஞ்சும் துவக்குகளை என்ன செய்வது? இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஐரோப்பிய அரசுகளின் களஞ்சியங்களில் அவை இலட்சக்கணக்கில் கிடந்தன. உருக்கினால் பழைய இரும்பின் விலைதான் கிடைக்கும். விற்றால் டொலர் வரும். ஏராளமானவற்றை விற்றார்கள். அமெரிக்க வியாபாரிகள் கப்பல் கப்பலாக வாங்கினார்கள்.

இதைக் கண்டு வயிறெரிந்தவர்கள் அந்நாட்டுத் துப்பாக்கி முதலாளிகள். அவர்களின் தொழிற்சாலைகள் பல மாசசூசெட்ஸ், கனெக்டிகட் மாநிலங்களில் இருந்தன. 1958இல் மாசசூசெட்ஸ் செனட்டர் ஒருவர் பிறநாட்டு இராணுவத் துப்பாக்கிகளின் இறக்குமதியைத் தடைசெய்ய மசோதா கொண்டுவந்தார். பேச்செல்லாம் உள்ளூர்த் தொழிலைக் காப்பது பற்றித்தான். ஆனால் அமெரிக்கா பிற நாடுகளுக்கு உதவியாகக் கொடுத்த ஆயுதங்கள் திரும்பி வருவதை மட்டுமே காங்கிரஸ் தடுத்தது. இத்தாலியத் துவக்குகள் தொடர்ந்து வந்திறங்கின.

அந்தச் செனட்டரின் பெயர் ஜோன் எப். கென்னடி.

1963 மார்ச்சில் லீ ஹார்வி ஒஸ்வால்ட் பொய்ப் பெயரில் சிக்காகோ கடையொன்றுக்குத் தபாலில் ஓடர் அனுப்பினார். கேட்டது 1940இல் செய்த இத்தாலிய இராணுவக் கார்கானோ துப்பாக்கி. குறிபார்க்கும் கண்ணாடியோடு 19 டொலர் 95 சதம், தபாற் செலவு ஒன்றரை டொலர். அந்த நவம்பர் 22ஆம் திகதி டல்லாஸில் என்ன நடந்தது என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

அதன் பிறகும் சட்டம் வர ஐந்து வருடம் சென்றது. மார்ட்டின் லூதர் கிங்கும் ரொபேர்ட் கென்னடியும் சுடப்பட்ட 1968இல்தான் மாநிலம் தாண்டிய தபால் விற்பனையும் இராணுவத் துப்பாக்கி இறக்குமதியும் நிறுத்தப்பட்டன. 1984இல் பழம்பொருள் என்ற பெயரில் மறுபடி வழிவிட்டார்கள்.

எல்லாவற்றையும் உருக்கத்தான் வேண்டுமா? அமெரிக்கா தன் பழைய எம்1 காரண்ட் துப்பாக்கிகளைக் குறிசுடும் பயிற்சி அமைப்பொன்றின் மூலம், வாங்குபவரின் பின்னணியைச் சோதித்தே விற்கிறது. நாலு கிலோவுக்கு மேல் கனம். சட்டைக்குள் மறைத்துத் திரிய முடியாது. அது எனக்குப் பெரிய உறுத்தலாக இல்லை. ஆனால் 2015இல் நிறைவேறிய சட்டமொன்று, இராணுவத்தின் பழைய 1911 ரகக் கைத்துப்பாக்கிகளையும் ஆண்டுக்கு 10,000 வரை அதே அமைப்புக்குக் கொடுக்க அனுமதித்தது. அவை இடுப்பில் செருகக்கூடியவை. அவற்றை உலையில் போட்டிருக்க வேண்டும் என்பதே என் அபிப்பிராயம்.