ஃபெட்டெ ஃபிராக்டூர்

ஃபெட்டெ ஃபிராக்டூர் என்பது ஜெர்மன் கறுப்பெழுத்து மரபில் வந்த தடித்த தலைப்பு எழுத்துரு. அச்செழுத்து வெட்டுவதில் தேர்ந்த யோஹான் கிறிஸ்தியான் பவர் (1802–1867) இதை 1850இல் உருவாக்கினார். 'ஃபெட்டெ' என்றால் கொழுத்தது. 'ஃபிராக்டூர்' என்ற பெயர் 'உடைந்தது' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ரோமன் எழுத்தில் வழுக்கிக்கொண்டு வளையும் கோடு, இதில் ஒடிந்து ஒடிந்து மூலைகளாகத் திரும்பும்.

புனித ரோமப் பேரரசர் முதலாம் மாக்ஸிமிலியனுக்காக 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சிட்ட நூல்களில்தான் ஃபிராக்டூர் உருப்பெற்றது. அது புத்தகம் படிப்பதற்கான எழுத்து. 19ஆம் நூற்றாண்டில் சுவரொட்டியும் விளம்பரமும் பெருகியபோது, தெருவில் போகிறவரை நிறுத்தும் எழுத்து தேவைப்பட்டது. ரோமன் எழுத்து ஏற்கெனவே கொழுத்திருந்தது. இப்போது ஃபிராக்டூரின் முறை.

நெட்டுக் கோடுகள் பருத்து நிற்கும். அவற்றை இணைக்கும் கோடுகளோ மயிரிழையாக மெலியும். எழுத்துக்குள் இருக்கும் வெண்மை கீற்றளவுதான். பெரிய எழுத்துகள் பலவற்றின் இடப்பக்கம் சுருண்டு இறங்கும் வளைவை ஜெர்மானியர் 'யானைத் துதிக்கை' என்பார்கள். பொருத்தமான பெயர்.

பழகாத கண் தடுமாறும் இடங்களும் உண்டு. பெரிய 'பி'யும் (B) 'வி'யும் (V) கிட்டத்தட்ட ஒன்றுபோலத் தெரியும். 'ஐ'க்கும் 'ஜே'க்கும் மரபில் ஒரே வடிவம். சிறிய 'எஸ்' இரண்டு வகைப்படும். விடுதியைக் குறிக்கும் 'காஸ்ட்ஹவுஸ்' என்ற சொல்லில் 'டி'க்கு முன் வருவது நெட்டை 'எஸ்'. அது 'எஃப்' போலவே இருக்கும், குறுக்குக் கோடு மட்டும் முழுதாக இராது. சொல்லின் கடைசியில் வருவது சுருண்ட 'எஸ்'. இன்றைய பெயர்ப் பலகைகள் பலவற்றில் இரண்டு இடத்திலும் சுருண்டதையே போட்டுவிடுகிறார்கள். மரபறிந்தவர் கண்ணுக்கு அது எழுத்துப்பிழை.

கறுப்பெழுத்து என்றாலே நாஜி எழுத்து என்று நினைப்பவர்கள் உண்டு. நாஜிகள் முதலில் அதைத் தூக்கிப்பிடித்தது உண்மை. ஆனால் 1941 ஜனவரி 3 அன்று நாஜிக் கட்சி நிர்வாகி மார்ட்டின் போர்மான் கையெழுத்திட்ட சுற்றறிக்கை, அதை யூதர்களின் எழுத்து என்று ஆதாரமில்லாமல் பழித்து, ரோமன் எழுத்துக்கு மாறும்படி உத்தரவிட்டது. அந்தத் தாளின் முகப்பே கறுப்பெழுத்தில் அச்சாகியிருந்தது!

போருக்குப் பின் புத்தகப் பக்கங்களில் கறுப்பெழுத்து அருகியது, அலங்காரத்தில் தங்கிவிட்டது. பீர் லேபிள், விடுதிப் பலகை, சான்றிதழ், ஹெவி மெட்டல் இசைத்தட்டு உறை என்று பழமையோ மிரட்டலோ வேண்டிய இடங்களிலெல்லாம் தடித்த ஃபிராக்டூரைக் காணலாம். 'ஃபிராங்க்ஃபுர்ட்டர் ஆல்கெமைனெ' நாளிதழ் 2007 வரை கருத்துக் கட்டுரைகளின் தலைப்புகளைக் கறுப்பெழுத்தில் வெளியிட்டது. அதன் முகப்புப் பெயர் இன்றும் அப்படித்தான்.

இந்த எழுத்துரு ஓரிரு சொற்களைத்தான் தாங்கும். பத்தி கோத்தால் பக்கம் கரியாகிவிடும். சொல் முழுவதையும் பெரிய எழுத்தில் கோத்தாலோ, ஜெர்மானியரே எழுத்துக் கூட்டித்தான் படிக்க வேண்டும்.