செக்ரோலும் கடவுச்சொல்லும்

உடப்புசல்லாவைக் கடைவீதியில் போட்டோகொப்பி எடுக்கும் கடையொன்றில் சென்ற மாதம் அரைமணி நேரம் காத்திருக்க நேர்ந்தது. எனக்கு முன்னால் தோட்டத்தில் ஓய்வு பெற்ற அம்மையார் ஒருவர் நின்றிருந்தார். ஓய்வின்போது கைக்கு வந்த சேமலாபக் காசில் ஒரு பகுதியை, கொழும்பில் வேலை செய்யும் மகள் அவர் பெயரிலேயே யூனிட் டிரஸ்ட் ஒன்றில் முதலீடு செய்திருக்கிறாள். அது எவ்வளவாக வளர்ந்திருக்கிறது என்று பார்க்க அவர் மாதமொருமுறை அந்தக் கடைக்கு வருகிறார்.

கடைப் பையன் நல்லவன். மேசைக்கு அடியிலிருந்து ஒரு கொப்பியை எடுத்துப் புரட்டினான். பக்கம் பக்கமாகப் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு கடவுச்சொல். அதைப் பார்த்துத் தட்டினான். பின்னர், "நம்பர் வந்திருச்சாம்மா?" என்றான். அம்மையார் கைத்தொலைபேசியையே அவனிடம் நீட்டிவிட்டார்.

அந்தக் கொப்பி எனக்குப் புதிதாகத் தோன்றவில்லை. இதே மலையில், லயத்துப் பிள்ளையாக வளர்ந்தவன் நான். செக்ரோல் என்னும் பெரிய பதிவேட்டை அறிந்தவன்.

எங்கள் மக்களின் பேச்சில் 'பேர்' என்ற சொல்லுக்கு வேறெங்கும் இல்லாத ஒரு பொருள் உண்டு. ஒரு நாள் சம்பளம்தான் பேர். கொழுந்தின் நிறை குறைந்தால் 'அரைப்பேர்'. செக்ரோலில் பேர் விழுந்தால் அன்று உழைத்ததாகக் கணக்கு. விழாவிட்டால் உழைப்பே இல்லை. அந்தப் பேரை எழுதும் பேனா ஒருபோதும் உழைத்தவரின் கையில் இருந்ததில்லை.

இதற்கும் ஒரு முன்கதை உண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்திலிருந்து அழைத்து வரப்பட்டவர்களின் கழுத்தில், தோட்டத்தைக் குறிக்கும் எண் பொறித்த தகரவில்லை தொங்கியது. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் 'துண்டு' தேவைப்பட்டது. தொழிலாளியின் கடனைத் தீர்த்தால் அவரை விடுவிப்பதாகச் சொல்லும் சீட்டு அது. 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை ஒரு மனிதரின் போக்குவரவுக்கான திறவுகோலாக அந்தச் சீட்டே இருந்தது. திறவுகோலை வைத்திருந்தவர்களோ கங்காணியும் துரையும்.

1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இந்த மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. பத்தாண்டுகள் கழித்து, 1958இன் 15ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் ஊழியர் சேமலாப நிதி பிறந்தது. இன்று தொழிலாளியின் சம்பளத்திலிருந்து 8 சதவீதமும், தொழில் தருநரிடமிருந்து 12 சதவீதமும் அதில் சேர்கின்றன. மத்திய வங்கி அப்பணத்தைப் பெரும்பாலும் அரசாங்கப் பிணையங்களில் முதலிடுகிறது. அதாவது, கொழுந்து பறித்த ஒவ்வொருவரும் தம்மை அறியாமலே ஒரு முதலீட்டாளர். பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் அதைப் பெறலாம். ஆனால், தாம் தாமே என்று நிறுவ வேண்டும்.

என் அம்மா அங்கேதான் தடுக்கி விழுந்தார். செக்ரோலில் அவர் ஒரு பெயர். பிறப்புச் சான்றிதழில் இன்னொன்று. அடையாள அட்டையில் மூன்றாவது. மூன்றையும் எழுதியவர்கள் மூன்று கிளாக்கர்மார். அவர்களில் எவரும் அம்மாவிடம், "இது சரியா?" என்று கேட்டதில்லை, கேட்டிருந்தாலும் வாசித்துச் சொல்ல அவருக்கு எழுத்து தெரியாது. ஓர் அலுவலகத்திலிருந்து மற்றோர் அலுவலகத்துக்கு நானும் அவரும் ஓராண்டுக்கு மேல் அலைந்தோம். தன் காசுக்குத் தானே அந்நியராக அவர் நின்ற கோலம் இன்னும் என் கண்ணை விட்டு அகலவில்லை. இறுதியில் சத்தியக் கடதாசி முடித்து, அம்மா தம் பெருவிரலைப் பதித்தார்.

பெருவிரலுக்கும் சரித்திரம் உண்டு. 1858இல் வங்காளத்தின் ஜங்கிப்பூரில், வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கில அதிகாரி, ராஜ்யதர் கோனாய் என்ற ஒப்பந்தக்காரரின் கைப்பதிவை ஓர் ஒப்பந்தத்தின் பின்புறத்தில் எடுத்தார். கையெழுத்து தன்னுடையதல்ல என்று அவர் பின்னாளில் மறுக்காமலிருப்பதே நோக்கம். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரேகை பதித்தவர் இன்னார் என்று மட்டுமே ரேகை சொல்லும். எதற்குப் பதித்தோம் என்று அவருக்குத் தெரியுமா என்பதை அது சொல்லாது.

கணினிக்குக் கடவுச்சொல் வந்தது 1960களின் தொடக்கத்தில். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பலர் ஒரே கணினியைப் பகிர்ந்து பயன்படுத்தியபோது, பெர்னாண்டோ கோர்பாத்தோவின் குழு அதைப் புகுத்தியது. 1962இலேயே ஆலன் ஷெர் என்ற ஆய்வாளர், தமக்கு ஒதுக்கப்பட்ட நேரம் போதாமல், எல்லோருடைய கடவுச்சொற்களும் அடங்கிய கோப்பை அச்சிட்டு எடுத்துக்கொண்டார். எல்லாச் சாவிகளையும் ஒரே இடத்தில் எழுதி வைத்தால் என்ன ஆகும் என்பது அன்றே தெரிந்துவிட்டது. இரண்டாவது பூட்டு பின்னர் வந்தது இதனால்தான். கடவுச்சொல் நம் நினைவில் இருப்பது. தொலைபேசிக்கு வரும் ஒருமுறை எண் நம் கையில் இருப்பது. இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால்தான் அது பூட்டு. இரண்டையும் பிறரிடம் கொடுத்தால் அது ரேகை வைத்த வெற்றுத்தாள். பணம் போனபின், "உங்கள் எண்ணைக் கொண்டுதானே நுழைந்தார்கள்" என்ற பதில்தான் வரும்.

அம்மையாரிடம் பேச்சுக் கொடுத்தேன். மகளைத் தொலைபேசியில் அழைத்தோம். அன்றிரவே அவள் தன் கைத்தொலைபேசியில், குறுஞ்செய்தியில் வந்த இணைப்பு எதையும் தொடாமல், நிறுவனத்தின் முகவரியைத் தானே தட்டி உள்ளே சென்று, தாயிடம் கேட்டு அவர் சொன்ன சொல்லையே புதிய கடவுச்சொல்லாக வைத்தாள். அம்மையார் தேர்ந்தது என்ன சொல் என்று நான் கேட்கவில்லை. கேட்கக் கூடாதல்லவா? இனி மகள் ஊருக்கு வரும்போது, அவள் தொலைபேசியிலேயே தாம் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

கடைப் பையன் சற்றும் முகம் கோணாமல் அவருடைய பக்கத்தைக் கிழித்துக் கொடுத்தான். அதை நான்காக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு அவர் தோட்டத்து வழியே ஏறினார். கொப்பி மறுபடியும் மேசைக்கு அடியில் போயிற்று. அதில் இன்னும் எத்தனையோ பேர்கள்.