தும்மோ

தும்மோ, உடலுக்குள் வெப்பத்தை எழுப்பும் திபெத்திய வஜ்ரயான பௌத்தத் தியானமுறை. நாரோபாவின் ஆறு யோகங்களுக்கு இதுவே அடித்தளம். பனிமலைக் குகைகளில் ஒற்றைப் பருத்தியாடையோடு தவமிருந்த மிலரேபா இதில் தேர்ந்தவராகப் போற்றப்படுகிறார்.

பயிற்சியாளர் மூச்சை இழுத்து, அடிவயிற்றுத் தசைகளை இறுக்கி, உள்ளே நிறுத்துகிறார். ஹடயோக மூச்சடக்கலான கும்பகத்துக்கு இது நெருங்கிய உறவு. கூடவே, தொப்புளுக்குக் கீழே ஒரு சுடர் எழுந்து முதுகுத்தண்டின் வழியே உச்சிவரை ஏறுவதாக மனத்தில் காண்கிறார்.

1982இல் வெளியான ஆய்வுக்காக ஹெர்பர்ட் பென்சன் குழு தர்மசாலாவில் மூன்று துறவிகளைச் சோதித்தபோது, கைகால் விரல்களின் வெப்பம் 8.3 பாகை செல்சியஸ் வரை உயர்ந்தது. தோலுக்கு இரத்த ஓட்டம் கூடினாலே விரல் சூடாகிவிடும். ஆகவே உட்சூட்டுக்கு இது சான்றாகாது. 2013இல் வெளியான மரியா கோசெவ்னிகோவ் குழுவின் ஆய்வே இவ்வகையில் வலுவானது: சிலருக்கு அக்குள் வெப்பம் 38.3 பாகை வரை, அதாவது மிதமான காய்ச்சல் அளவுக்கு ஏறியது. வெப்பத்தை உண்டாக்குவது மூச்சு; அதை நீடிக்கச் செய்வது சுடர்க்காட்சி என்பது அக்குழுவின் முடிவு.

தும்மோ பயில்வோர் முதுகில் ஈரத்துணியை உலர்த்துவதாகப் பயண எழுத்தாளர் அலெக்ஸாந்த்ரா டேவிட்-நீல் எழுதிப் புகழ்பெற்ற செய்தியைத் தனிச்சான்றாகக் கொள்வதற்கில்லை. இயல்பான உடற்சூட்டிலும் துணி மெல்ல உலரும். மரபுப்படி, தீட்சையும் குருவின் நேரடி வழிகாட்டலும் இன்றி இப்பயிற்சி தொடங்கப்படுவதில்லை.