கண்ணாடிப் பேழையும் பன்னமும்

1829 ஆம் ஆண்டு, இலண்டன் மருத்துவர் நதானியேல் வார்ட், அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை இட்டு மூடிய போத்தலினுள் பன்னமொன்று முளைத்திருக்கக் கண்டார். நகரின் நிலக்கரிப் புகையில் மடிந்த பன்னங்கள் கண்ணாடியினுள் தழைத்தன. மரநிழலுக்குரிய அத்தாவரத்துக்குச் சாளரத்தின் மென்னொளியே போதுமானது; நேர்வெயில் பட்டால் மூடிய பேழை வெப்பமேறி இலைகள் கருகிவிடும். மங்கிய ஒளியுடைய வரவேற்பறைகளிற் பன்னம் இடம்பெற்றமைக்கு இவ்வியல்பே காரணமாயிற்று. விக்டோரியா காலத்தில் அது பெருமோகமாக வளர்ந்தது.

எனினும், அப்பேழை அலங்காரப் பொருளாக மட்டும் நின்றுவிடவில்லை. உப்புக்காற்றுப் படாது ஒளியை மட்டும் பெற்று, பயிர்நாற்றுகள் அதனுள் கடல் கடந்தன. 1876 இல் கியூ பூங்காவிலிருந்து இறப்பர் நாற்றுகள் அவ்வாறே இலங்கையை அடைந்தன. பின்னர் பெருகிய இறப்பர்த் தோட்டங்களில் உழைத்த தமிழ்த் தொழிலாளரின் வரலாற்றில் ஓர் இழை, ஆகவே, அச்சிறு போத்தலிலிருந்தே தொடங்குகின்றது எனலாம்.